வாசலுக்கு அனுமதி

முப்பத்திரண்டு வருடம் அவர் கட்டட வரைபடங்களுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் இருந்தார். கொடுத்தார் என்று சொன்னால் மிகை. இருந்தார். அத்தனை வருடத்தில் எந்த வரைபடமும் முதல் தடவை வந்தபோதே அவர் மேசையைத் தாண்டிப் போனதில்லை. படிக்கட்டு ஒரு விரல்கடை உயரம் கூடியிருக்கும். இல்லையென்றால் வடக்குத் திசையைக் காட்டும் அம்பு சின்னதாக இருக்கும். இரண்டும் இல்லையென்றால், "தப்பே இல்லாம ஒருத்தன் வரைஞ்சிருக்கான்னா எதையோ மறைக்கறான்னு அர்த்தம்" என்று பச்சை மையில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். யாரிடமும் கை நீட்டாதவர் என்பதால் மரியாதை இருந்தது. கை நீட்டுகிறவராக இருந்தால் சீக்கிரம் வீடு கட்டலாமே என்ற ஏக்கமும் ஊரில் இருந்தது. அலுவலகத்தில் அவருக்கு 'ஆட்சேபணை சார்' என்று பெயர். அதை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

ஓய்வு பெற்றபோது ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதைக் கூடத்தில் மாட்டிய பிறகுதான் ஒரு விஷயம் அவருக்குத் தெரிய வந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அவரோடு பேசுவது நாற்பது விநாடி.

"சாப்டீங்களாப்பா?"

"ஆச்சு."

"உடம்பு?"

"இருக்கு."

"சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க."

அம்மாவோடு ஒன்றரை மணி நேரம். அதுவும் வெறும் பேச்சு இல்லை. மனைவி மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்துக்கொண்டு, போனைப் பக்கத்தில் சாய்த்து, "இந்தத் தேனீக் கூட்டை எங்கடி வைக்கறது?" என்று கேட்பாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்தவள். இப்போது திரையில் மகளின் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

அது ஒரு விளையாட்டு. அதன் மேல் ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு மோட். அந்த மோட்டை எழுதியவர் மாப்பிள்ளை. பெண் பார்க்க வந்த நாளில் நடந்த உரையாடலை ஆட்சேபணை சார் இன்னும் மறக்கவில்லை.

"என்ன வேலை பண்றீங்க?"

"மோட் எழுதறேன் மாமா."

"அப்படின்னா?"

"வேற ஒருத்தர் பண்ணின விளையாட்டுல இல்லாததை நாங்க சேர்ப்போம்."

"அதாவது, அடுத்தவன் வீட்டு மேல அனுமதியில்லாம மாடி எடுக்கறீங்க."

மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்து, "ஆமா மாமா, கிட்டத்தட்ட" என்றார். அந்த நேர்மையை ஆட்சேபணை சார் உள்ளூர மெச்சினார். வெளியே சொல்லவில்லை. கல்யாணத்துக்கும் மூன்றாவது சமர்ப்பிப்பில்தான் அனுமதி கிடைத்தது.

நாற்பது விநாடி அவரை அரித்தது. அதை மனைவியிடம் சொல்ல முடியுமா? அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அது என்னன்னு நானும் ஒரு பார்வை பார்க்கறேனே" என்றார். மறுமுனையில் மகள் கையிலிருந்த எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நிஜமாவாப்பா? வாங்கப்பா, வாங்க" என்றாள். அந்த இரண்டாவது 'வாங்க'வை அவர் வாரம் முழுக்கக் காதில் வைத்திருந்தார்.

மோட்டின் ஏற்பாடு எளிமையானது. உள்ளே நுழைந்ததும் ஒரு பொதுக்கூடம். அங்கே ஓர் அலமாரியில் புத்தகங்கள். ஒரு புத்தகம் ஓர் உலகம். வெற்றுப் புத்தகம் ஒன்றை எடுத்து, பக்கத்துக்கு ஒரு வாக்கியமாக எப்படிப்பட்ட உலகம் வேண்டும் என்று எழுதினால், மோட் அதைப் படித்து அப்படியே ஒன்றை உண்டாக்கிவிடும். 'எப்போதும் மாலை நேரம்' என்று எழுதினால் எப்போதும் மாலை. எழுதாமல் விட்டதை மோட்டே தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளும். புத்தகத்தைத் தொட்டால் அந்த உலகத்துக்குள் போகலாம். உள்ளே ஒரு வாசல் இருக்கும், அது வழியாகக் கூடத்துக்குத் திரும்பலாம். புத்தகத்துக்கு நகல் கிடையாது. தொலைந்தால் உலகமும் போச்சு.

மகளின் புத்தகத்தில் ஆறே பக்கம். மற்றதெல்லாம் ஐந்து வருடமாக அவளும் மாப்பிள்ளையும் கையால் கட்டியது. சரிவில் ஒரு வீடு, வெளிப்பக்கமாக ஏறும் கல் படிக்கட்டு, கீழே ஓடை, ஓடை மேல் சற்றுக் கோணலான பாலம்.

"எப்படிப்பா இருக்கு?"

அவர் நடந்து பார்த்தார். மாடி ஏறினார். இறங்கினார். படிகளை எண்ணினார். மறுநாள் மகளுக்கு மின்னஞ்சலில் நாற்பத்து மூன்று அம்ச ஆட்சேபணைக் குறிப்பு போயிற்று. அம்சம் நான்கு: படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை. அம்சம் பதினொன்று: ஓடையிலிருந்து விட வேண்டிய தூரம் விடப்படவில்லை. அம்சம் பன்னிரண்டு: பாலம் நேராக இல்லை. அம்சம் முப்பத்தொன்று: கிழக்குப் பார்த்த ஜன்னலோடு, மேசை நாற்காலி போட்டு, புழக்கமில்லாத அறை ஒன்று உள்ளது, நோக்கம் தெரிவிக்கப்படவில்லை. கடைசியில், விரிவான பரிசீலனைக்காக அசல் புத்தகம் எடுத்து வைத்துக்கொள்ளப்படுகிறது. எடுத்தும் வைத்துக்கொண்டார். அலமாரியிலிருந்து உருவித் விளையாட்டில் தான் நடமாடும் பொம்மையின் பைக்குள் போட்டார். வேலையில் இருந்தபோது அப்படித்தான். நகலை அவர் தொட்டதே இல்லை.

அடுத்த ஞாயிறு போன் வந்தது. இருபத்து மூன்று விநாடி.

"என்ன ஆச்சு அவளுக்கு?" என்றார் மனைவியிடம்.

"அந்த முப்பத்தொண்ணாம் நம்பர் ரூம் யாருக்குன்னு தெரியுமா?"

"அதைத்தானே கேட்டிருக்கேன். நோக்கம் தெரிவிக்கல."

"உங்களுக்குங்க. ரெண்டு வருஷமா வெச்சிருக்கா. அப்பா ஒரு நாள் வருவார்னு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அது அப்போது எந்த உதவியும் செய்யவில்லை.

இந்த இடத்தில் வேறு யாராவதாக இருந்தால் போனை எடுத்து இரண்டு வார்த்தை சொல்லியிருப்பார்கள். ஆட்சேபணை சாருக்கு இரண்டு வார்த்தையில் எதையும் சொல்லிப் பழக்கமில்லை. ஓர் உலகம் எப்படி இருக்க வேண்டும் என்று தானே செய்து காட்டிவிட்டால் மகள் புரிந்துகொள்வாள், பிறகு அவள் புத்தகத்தைக் கௌரவமாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார். வெற்றுப் புத்தகம் ஒன்றை எடுத்தார்.

பன்னிரண்டு நாள் எழுதினார். காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். தரை சமமாக இருக்க வேண்டும். நீர்நிலை கூடாது, இருந்தால்தானே ஆக்கிரமிப்பு. மலை கூடாது, சரியும். மரம் கூடாது, சாயும். விலங்கு, பூச்சி, பசி, இருட்டு கூடாது. பதினேழாம் பக்கம்: தன் விண்ணப்பத்துக்குத் தானே அனுமதி தரக் கூடாது. பதினெட்டாம் பக்கம்: உரிமையாளரின் அனுமதி பெறாத எந்தக் கட்டுமானமும் நிற்கக் கூடாது. இந்த இரண்டு பக்கத்தையும் எழுதிய அன்று மட்டும் மதியம் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார், நிம்மதியாக.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இதுல மனுஷங்க எந்தப் பக்கத்துல வர்றாங்க?"

"வந்தா நல்லா இருக்கறதும் கெட்டுப் போகும்."

"சரிதான். தேனீ வேணும்னா சொல்லுங்க, ரெண்டு தர்றேன்."

"பூச்சி தடை செய்யப்பட்டிருக்கு" என்றார் கௌரவமாக.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அலுவலகம் திறக்கும் நேரத்தில், புத்தகத்தை அலமாரியில் வைத்துத் தொட்டார். உலகம் வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல் நிறத் தரை, துணி விரித்தது போல. மேடு இல்லை, பள்ளம் இல்லை, நிழல் இல்லை. ஒரு பிழைகூட இல்லை. அவர் நெஞ்சு விம்மியது.

அவர் முன்னால் தரையிலிருந்து இரண்டு கல் தூண்கள் மெல்ல எழும்ப ஆரம்பித்தன. திரையில் ஒரு கட்டம் விரிந்தது. 'வாசல் ஒன்று. அனுமதிக்கலாமா? ஆம். இல்லை.'

முதல் சமர்ப்பிப்பு. வரைபடம் இணைக்கப்படவில்லை. முப்பத்திரண்டு வருடத்துக் கை அது. மனசு எழுந்து வருவதற்குள் கை வேலையை முடித்துவிட்டது.

இல்லை.

தூண்கள் பணிவாகத் தரைக்குள் இறங்கின. கட்டம் மூடிக்கொண்டது. அதன்பிறகு அது திறக்கவே இல்லை.

முதலில் அவர் கவலைப்படவில்லை. மறு சமர்ப்பிப்பு வரும் என்று காத்திருந்தார். அவர் காலத்தில் எல்லோரும் மறுபடி வந்தார்கள். அரை மணி கழித்துத்தான் வாசலுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று உறைத்தது. தானே ஒரு வாசல் எழுப்பலாம் என்றால் பதினேழாம் பக்கம் குறுக்கே நின்றது. மனைவி காய்கறிப் பையோடு உள்ளே வந்தபோது திரைக்கு முன்னால் வேர்த்து உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?"

"மாட்டிக்கிட்டேன். மாப்ளே பண்ணின மோட்ல ஏதோ கோளாறு. வாசல் வரல."

"இந்த விளையாட்டுல செத்தா கூடத்துக்கு வந்துடலாம். எங்கேயாவது மேட்டுலேர்ந்து குதிங்க."

"மேடு இல்லை."

"தண்ணியில விழுங்க."

"நீர்நிலை இல்லை."

"பட்டினி கிடங்க."

"பசி இல்லை."

மனைவி பையைக் கீழே வைத்தாள். "சாகறதுக்குக்கூட வழி வைக்காம ஒரு உலகம் பண்ணியிருக்கீங்க. சரி, விடுங்க, புதுசா வேற ஆளா நுழைஞ்சுக்கலாம். இந்தப் பொம்மை அங்கேயே சுத்தட்டும்."

"முடியாது."

"ஏன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "பாப்பா புத்தகம் இந்தப் பொம்மையோட பையில இருக்கு."

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். அந்தத் தோட்டத்தில் அவளுடைய தேனீக்களும் இருந்தன.

மகளுக்கு மனைவிதான் சொன்னாள். மகள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது. "சரிம்மா. அவர் பார்த்துப்பார்" என்று மட்டும் சொன்னாள். 'அவர்' என்றது மாப்பிள்ளையை. அன்று அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லவில்லை. நாற்பது, இருபத்து மூன்று, பூஜ்யம் என்று கணக்கு இறங்கியிருந்தது.

மாப்பிள்ளை இரண்டு நாள் தேடினார். வெளியிலிருந்து ஒரு பக்கத்தை மாற்றினாலும் அந்த உலகம் முதலிலிருந்து புதிதாக உண்டாகும், உள்ளே இருக்கிற ஆளும் பையும் அதிலேயே கரைந்துவிடும் என்றார். "கொஞ்சம் டைம் குடுங்க மாமா." ஆட்சேபணை சார் தாராளமாகக் கொடுத்தார். "சாஃப்ட்வேர்னாலே இப்படித்தான். முறையா பரிசோதனை பண்ணாம வெளியே விடறது" என்று ஓர் உரையும் கூடவே கொடுத்தார். மாப்பிள்ளை, "ஆமா மாமா" என்றார்.

வியாழக்கிழமை காலை மாப்பிள்ளை தனியாகக் கூப்பிட்டார்.

"மாமா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்லை. மாமி மாடியில துணி காயப்போடறா."

"ஒண்ணுமில்ல. மோட் எல்லாத்தையும் ஒரு பதிவேட்டுல எழுதி வைக்கும். யார் என்ன பண்ணினாங்க, எத்தனை மணிக்குன்னு. இப்பதான் பார்த்தேன்." குரலைத் தாழ்த்தினார். "செவ்வாய்க்கிழமை பத்து மணி ரெண்டு நிமிஷம். 'வாசல். உரிமையாளர் மறுத்தார்'னு இருக்கு."

பதிவேட்டை எதிர்த்துப் பேசி ஆட்சேபணை சாருக்குப் பழக்கமில்லை.

"பரவால்ல மாமா. என் பக்கம்தான் கோளாறுன்னு அவகிட்ட சொல்லிட்டேன். அவ ரெண்டு நாள் என்கிட்ட பேச மாட்டா, அப்புறம் சரியாயிடுவா. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

போனை வைத்த பிறகும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பொய்ச் சான்றிதழ்களோடு அவர் முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். அவருக்காக ஒருத்தர் பொய்ச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. எழுதியவர் அடுத்தவன் வீட்டு மேல் மாடி எடுக்கிறவர். அதை வாங்கி வைத்துக்கொள்ளலாம். வாங்கினால் ஞாயிறுதோறும் இருபது விநாடியாவது மிச்சமிருக்கும். மகள் புருஷன் மேல் கோபப்பட்டுக்கொண்டு இருப்பாள், பிறகு மறப்பாள். கை நீட்டாத மனிதருக்கு அன்று கை நீட்டுவது எவ்வளவு சுலபம் என்று தெரிந்தது.

மகளின் எண்ணை அவர் அதுவரை தானாக அழைத்ததே இல்லை. தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அப்பா? என்னாச்சு? அம்மாவுக்கு ஏதாவது..."

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. ஒரு விளக்கம் தரணும்."

"சொல்லுங்க."

"மாப்ளே மோட்ல கோளாறு இல்லை. வாசல் வந்தது. அனுமதிக்கலாமான்னு கேட்டது. நான்தான் இல்லைன்னு அழுத்தினேன். அப்புறம் கோளாறுன்னு பொய் சொன்னேன். அவருக்கு விஷயம் தெரியும். என்னைக் காப்பாத்த தன் தலையில போட்டுக்கிட்டார்."

அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"வாசலுக்கேவாப்பா?"

"வரைபடம் இணைக்கல" என்றார். பழக்கதோஷம்.

முதலில் இருமல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு அது சிரிப்பு என்று புரிந்தது. அவள் சிரித்துச் சிரித்து, நடுவில் அழுகிற மாதிரியும் இருந்து, மறுபடி சிரித்தாள். "அஞ்சு வருஷம்ப்பா அது. தெரியுமா? அஞ்சு வருஷம்."

"தெரியும். முப்பத்தொண்ணாம் அம்சம் யாருக்குன்னும் தெரியும். அம்மா சொன்னா." அடுத்த வார்த்தையைத் தேடினார். அலுவலக மொழியில் அதற்கு வார்த்தை இல்லை. "தப்புப் பண்ணிட்டேன் பாப்பா."

"கம்ப்யூட்டரைத் திறங்க. நான் உள்ள வர்றேன்."

"வராதே. நீயும் மாட்டிப்பே. இங்க வாசல் கிடையாது."

"நான் ஒண்ணு கட்டறேன். உங்க புத்தகத்தைப் படிச்சுட்டேன், பதினேழாம் பக்கம் உங்களுக்குத்தான் தடை. நான் விண்ணப்பதாரர்."

சாம்பல் தரையில் தூரத்தில் ஒரு சின்ன உருவம் தோன்றி நடந்து வந்தது. முதுகில் கல் மூட்டை. அந்த உலகத்தில் நிழல் இல்லாததால் அவள் வந்துகொண்டே இருப்பது போலிருந்தது. அவர் முன்னால் நின்று, குனிந்து, வேலையை ஆரம்பித்தாள். நாலு படி, அதன் மேல் ஒரு மேடை, மேடை மேல் இரண்டு தூண். அவசரத்தில் கட்டியது. இரண்டாவது படி மற்றதை விட உயரம். வலது தூண் இடது தூணை விட ஒரு கல் குட்டை. ஒரு பக்கமும் கைப்பிடி இல்லை.

கட்டம் விரிந்தது. 'வாசல் ஒன்று. அனுமதிக்கலாமா? ஆம். இல்லை.'

"அப்பா, இதுல இல்லைன்னு அழுத்தினீங்கன்னா ரெண்டு பேரும் இங்கேயே உக்காந்து சமதரையைப் பார்த்துட்டு இருக்க வேண்டியதுதான்."

"தெரியும்."

"அழுத்துங்க."

"இரு. பார்க்கறேன்."

"பார்க்காதீங்கப்பா, அழுத்துங்க."

அவர் கை மவுஸின் மேல் இருந்தது. அந்தக் கைக்கு எங்கே போக வேண்டும் என்று நன்றாகத் தெரியும். கண்ணோ இரண்டாவது படியை விட்டு நகரமாட்டேன் என்றது. மூன்று விரல்கடை. இதே உயரத்துக்காக ஒரு பள்ளிக்கூடத்தை ஒன்றரை வருடம் நிறுத்தி வைத்தவர் அவர். இடது கையால் வலது கை மணிக்கட்டைப் பிடித்து, அம்பை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார். மாடியிலிருந்து இறங்கி வந்த மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

ஆம்.

தூண்களுக்கு நடுவில் வெளிச்சம் விழுந்தது. கட்டத்துக்குக் கீழே ஒரு சின்ன வரி இடம் இருந்தது, குறிப்பு ஏதாவது உண்டானால் எழுத. அதைக் காலியாக விட அவரால் முடியவில்லை. ஒற்றை விரலால் தட்டினார்: 'கைப்பிடி வைக்கலாம். கட்டாயமில்லை.'

"கட்டாயமில்லையா!" என்றாள் மகள். "இதை ஃபிரேம் போட்டு மாட்டணும்ப்பா."

பொதுக்கூடத்தில் அவர் மகளின் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதை அலமாரியில் வைத்தாள். வைத்த கையோடு, "வாங்க, ரூமைப் பார்க்கலாம்" என்றாள். அவர் கோணல் பாலத்தைக் கடந்து, படி ஏறி, வாய் திறக்காமல் அந்த அறைக்குள் போய் நின்றார். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்.

"நல்லா இருக்கு."

"நிஜமாவா? நாற்பத்து மூணுலேர்ந்து ஒண்ணு குறையுதா?"

"குறையுது. ஆனா அந்தக் கிழக்கு ஜன்னல்... காலையில கண்ணு கூசும்."

"மாத்தணுமா? மனு எழுதிக் குடுங்க. பார்க்கறேன்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"முதல் தடவையே குடுத்துடுவோமா நாங்க?"

அவர் சிரித்தார். மனைவி அந்தச் சத்தத்தை நம்பாமல் கிட்டே வந்து பார்த்தாள். மாப்பிள்ளையும் மறுமுனையில் வந்து சேர்ந்தார். பாலம் ஏன் கோணலாக இருக்கிறது என்று அவர் கேட்க, அது முதல் கல்யாண நாளன்று சண்டை போட்டுக்கொண்டே ஆளுக்கொரு கரையிலிருந்து கட்டியது என்று மாப்பிள்ளை விளக்க, அம்சம் பன்னிரண்டும் கைவிடப்பட்டது. பேச்சு எங்கெங்கோ போயிற்று. காபி ஆறியது. கொடியில் போட்ட துணி காய்ந்தும் போயிருக்கும்.

மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள். உட்கார்ந்து பார்த்தாள். கடைசியில் கையை நீட்டினாள். "போதும், போனைக் குடுங்க. நானும் அவகிட்ட ரெண்டு வார்த்தை பேச வேண்டாமா?"

அவர் போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு திரும்பினார்.

"உன் விண்ணப்பம் பரிசீலனையில இருக்கு" என்றார்.